லைற் காணாது

எங்கள் பேச்சில் ‘காணாது’ என்றால் போதாது என்று அர்த்தம். கறிக்கு உப்புக் காணாது. ஹீற்றருக்குச் சூடு காணாது. சட்டைக்குத் துணி காணாது. ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட வந்த மதுரைக்காரத் தோழி ஒருத்தி, “உப்பு எதைக் காணலையாம்?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். அவளுக்கு அது கண்ணால் பார்க்கிற சங்கதி. எங்களுக்கு அளவு பற்றிய சங்கதி. இரண்டும் ஒன்றாக வந்து என்னை உலுக்கிய ஒரு காலம் இருந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதி. நான் ரொறன்ரோவுக்கு வந்து கனகாலம் ஆகியிருக்கவில்லை.

நானும் அண்ணையும் ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்ற்றில் இருந்தோம். அண்ணை விடியும் முன்பே வான் பிடித்துப் பிறம்ரனுக்குப் போய் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றுவார். நான் பஸ் மாறி மாறி மார்க்கம் என்கிற ஊருக்குப் போவேன். அங்கே ஒரு சிறிய தொழிற்சாலை. படகு ஓட்டுகிறவருக்கு முன்னால் சுவிச்சும் திரையும் குமிழுமாக ஒரு மேசை இருக்குமே, அதைச் செய்கிற இடம். அந்த மேசைக்குள் போகிற வயர்களை அளந்து வெட்டி, நுனித் தோல் சீவி, உலோக முனை மாட்டி நசுக்கி, கற்றை கற்றையாகக் கட்டுவது என் வேலை. தலை பின்னத் தெரிந்த எவளுக்கும் அது வரும். எனக்கு நன்றாகவே வந்தது. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. அண்ணையின் மனைவி, என் மச்சாள், பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தா. அண்ணை ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பிள்ளை வயிற்றில். இப்போது அவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. தகப்பன் என்றால் அவளுக்கு ஒரு படம். பஸ்ஸின் மிதிபலகையில் நின்று அண்ணை கை காட்டுகிற படம். அதை எடுத்து நீட்டினால் பிள்ளையும் திருப்பிக் கை காட்டுவாளாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணை என்னிடம் நாலைந்து தரமாவது அதைச் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியாத புதுச் செய்தி போல.

அவர்களைக் கனடாவுக்கு எடுக்க, விசா நேர்முகத்துக்குக் கொழும்பில் நாள் குறித்தாயிற்று. சிக்கலே அதுதான். சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பாதை இல்லை. கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில், சின்னப் படகில், விளக்கில்லாமல் கடக்க வேண்டும். இலங்கை நேவி ரோந்து வரும். வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்கள் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நானும் அந்த வழியால்தான் வந்தவள். தூரத்தில் ஒரு வெளிச்சம் எங்கள் பக்கம் திரும்பியதும் படகிலிருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து படுத்தோம். முன்பின் தெரியாத ஒரு மனுஷி என் பிடரியைப் பிடித்து அமுக்கி, “குனி பிள்ளை, குனி” என்று காதுக்குள் சொன்னா. வெளிச்சம் எங்கள்மேல் படாமல் வேறு பக்கம் போனது. ஆனால் அந்தக் கையின் பாரம் ரொறன்ரோ வரைக்கும் என்னோடு வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் தொழிற்சாலைக்குப் புது வேலை வந்தது. சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு சிறிய தீவு நாடு தன்னுடைய பழைய ரோந்துப் படகுகளைப் புதுப்பிக்கிறதாம். உடல் பழையது, உள்ளே எல்லாம் புதியது. புது ராடார், புது ரேடியோ, ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய தேடுவிளக்கு. எந்த நாடு என்று அவர் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்றார்.

சிறிய தீவு நாடு. நான் இங்கிலிஷ் படித்ததே ரொறன்ரோப் பேப்பர்களை வைத்துத்தான். எங்களைப் பற்றி எப்போதாவது ஒரு மூலையில் செய்தி வரும். நாட்டின் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு விளக்கம் தொங்கும்: இந்தியாவின் தென்முனைக்கு அப்பால் உள்ள சிறிய தீவு நாடு. ஊரில் இருந்தவரைக்கும் நான் என்னைத் தீவுக்காரி என்று நினைத்ததே இல்லை. எங்களுக்குத் தீவு என்றால் நெடுந்தீவு, நயினாதீவு. ரொறன்ரோப் பேப்பர்தான் என்னைத் தீவுக்காரி ஆக்கியது. ஆனபடியால் அந்தப் பெயருக்கு உலகத்தில் வேறு சொந்தக்காரரும் இருக்கலாம் என்பது என் மண்டைக்குள் ஏறவே இல்லை.

அன்று பின்னேரம் அண்ணை சாப்பிட இருந்தபோது சொன்னேன்.

“அண்ணை, எங்கட நேவிக்குத்தான் செய்யிறம் போல கிடக்கு.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. தீவு நாடாம். ரோந்துப் படகாம். வேற ஆர்?”

கத்துவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். குழைத்ததை வாயில் வைக்கவில்லை.

“உந்த லைற் எவ்வளவு தூரத்துக்கு அடிக்கும்?”

“எனக்கென்ன தெரியும். நான் வயர் கட்டுறனான்.”

“கேட்டுப் பார்.”

கேட்கவே தேவையில்லை. விளக்கு வந்த பெட்டியின்மேல் தூரம் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைக் கிளாலியின் அகலத்தோடு மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். காணும். தாராளமாகக் காணும். எங்கள் அர்த்தத்திலும் காணும், மதுரைக்காரியின் அர்த்தத்திலும் காணும். இதைப் போய் அண்ணையிடம் எப்படிச் சொல்வது? அவர் விடுகிற ஆளுமில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல், “கேட்டனியோ?” என்பார். “மறந்திட்டன்” என்பேன். மறக்கிறவளா நான். நித்திரையிலும் அந்த இலக்கம்தான்.

தொழிற்சாலையில் நான் சும்மா இருக்கவில்லை. எந்த நாடு என்று கண்டுபிடிக்கத் துப்பறியத் தொடங்கினேன். சுவிச்சுகளுக்கு மேல் ஒட்டுகிற பெயர்த்தகடுகள் வந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன், சிங்கள எழுத்து ஏதும் இருக்கிறதா என்று. எல்லாம் இங்கிலிஷ். அதனால் ஒன்றும் தெளியவில்லை. எங்கள் நாட்டிலும் இப்படியான சாமானில் இங்கிலிஷ்தானே இருக்கும். அனுப்புகிற பெட்டியில் விலாசம் இருக்குமா என்று பார்க்கப் போய், அங்கே உனக்கு என்ன வேலை என்று பொதி கட்டுகிறவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். என்னோடு ஒரே மேசையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி என்னைப் பார்த்து, காதல் ஏதாவதா என்று கேட்டாள். அவள் நாடும் தீவுதான். அதுகூட அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

தேடுவிளக்குக்குப் போகிற வயர் என் மேசைக்கே வந்தது. ஒரு முனையை அரைகுறையாக நசுக்கிவிட்டால் போதும், நாலு அலை அடித்ததும் கழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த நினைப்போடுதான் நசுக்குகிற குறட்டைக் கையில் எடுத்தேன். கை என்னைக் கேட்காமலே சரியாக நசுக்கிவிட்டது. இழுத்துப் பார்த்தேன், உடும்புப் பிடி. இவ்வளவு நாளும் பெருமைப்பட்ட அந்தக் கைமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

“நான் வேலையை விடப்போறன்” என்று அண்ணையிடம் சொன்னேன்.

“நீ விட்டா உந்த லைற் எரியாதோ?”

“அதுக்காக நானே கட்டிக் குடுக்கிறதோ?”

“நீ விட்டா உன்ர கதிரையில வேற ஒரு பிள்ளை இருந்து கட்டும். நீ நிண்டா, என்ன நடக்குது எண்டாவது எங்களுக்குத் தெரியும். நில்.”

பிறகு மறுபடி கேட்டார்: “எவ்வளவு தூரமெண்டு கேட்டனியோ?”

ஐப்பசியில் கொழும்பிலிருந்து ஒரு தெரிந்தவர் ரெலிபோன் எடுத்தார். மச்சாளும் பிள்ளையும் வருகிற அமாவாசையோடு வெளிக்கிடுகிறார்களாம். நிலவில்லாத நாளாகப் பார்த்துப் படகுக்காரர் சொல்லியிருக்கிறார். அண்ணை குசினிச் சுவரில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டரில் அமாவாசையைத் தேடிப் பிடித்தார். அதில் அடையாளம் ஒன்றும் போடவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போவார். பேசினால் சண்டை வந்தது. நான் மாடிப்படியால் இறங்கி, கட்டடத்தைச் சுற்றி நடந்து, மேலே வந்து, மறுபடி இறங்குவேன். இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

அந்தக் கிழமையே சூப்பர்வைசர் சொன்னார், வாங்குகிறவர்கள் வருகிறார்கள், ஏரியில் வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று. அவர்களும் நிலவில்லாத நாளைத்தான் கேட்டார்களாம். கேட்பார்கள்தானே, நிலவு எல்லோருக்கும் ஒன்றுதானே. ஒரு வாடகைப் படகில் மேசையையும் விளக்கையும் பூட்டி ஓட்டிக் காட்டுவார்கள். இருட்டில் கண்டுபிடிக்க இலக்காக ஒரு சின்னப் படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும். கோடையில் மீன் பிடிக்கிற பழக்கமுள்ள ஒரு வெல்டர் துடுப்புப் போட வருகிறேன் என்றார். இன்னொருவர் யார் என்று கேட்டபோது நான் கை உயர்த்தினேன். வருகிறவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே வெறிதான். சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். நீ தீவில் பிறந்தவள், உனக்குப் படகெல்லாம் கைவந்த கலையாக இருக்கும் என்றார். என் ஆயுளில் நான் படகில் ஏறியது ஒரேயொரு தரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

ரூஜ் ஆறு ஏரியில் விழுகிற பக்கம் போனோம். மாலை மங்கி இருட்டுகிற நேரம். வருகிறவர்கள் பிந்திவிட்டார்கள். அவர்கள் வந்து பெரிய படகில் ஏறும்போது எங்களை ஏற்கெனவே தூரத்துக்கு அனுப்பியாகிவிட்டது. முகம் பார்க்கவென்று வந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புத் தண்ணீர். வெல்டர் துடுப்பை உள்ளே வைத்துவிட்டுச் சூயிங்கம் மென்றார். அலை படகைத் தட்டுகிற சத்தம். அங்கே இந்நேரம் விடியப் போகிறது, மச்சாள் படகு ஏறியிருப்பாவா, கரை சேர்ந்திருப்பாவா, அல்லது நாளைக்குத்தானா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வெளிச்சம் வந்தது. தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்து, எங்களைத் தாண்டி, திரும்பி, எங்கள்மேல் நின்றது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. படகின் அடியில், வெல்டரின் சப்பாத்துக்குப் பக்கத்தில், முகம் குப்புறக் கிடந்தேன். அடியில் தேங்கியிருந்த தண்ணீர் வாய்க்குள் போனது. வெல்டர் பயந்துபோய், என்ன, உடம்புக்கு வருத்தமா என்று கேட்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த ஒலிபெருக்கிக்கு வயர் கட்டியதும் நான்தான். சிங்களம் வரப்போகிறது என்று காதைப் பொத்தினேன். வந்தது ஒரு வயதானவரின் இங்கிலிஷ், பாட்டுப் போல ஏறி இறங்குகிற இங்கிலிஷ், என் காலை பஸ்ஸின் கரீபியன் ட்ரைவர் பேசுகிற அதே இங்கிலிஷ்.

“மகளே, ஏன் படுத்துவிட்டாய்? எழும்பி நில். கையைக் காட்டு. படுத்துக் கிடந்தால் உன்னை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?”

நான் எழும்பினேன். கை காட்டினேன் என்று சொல்ல மாட்டேன். கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் அவரைப் பார்த்தேன். குட்டையான, நரைத்த தலையுள்ள கறுப்பு மனிதர். யாரோ கொடுத்த பெரிய குளிர்ச்சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றார். அவருடைய நாடு, ரொறன்ரோவின் ஒரு மூலைக்குள் வைக்கக்கூடிய அளவு தீவு. நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர்கள் ஊரில் மீன் பிடிக்கப் போகிறவர்களின் எஞ்சின் நின்றுவிட்டால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். தேடப் போகிற படகுகளோ பழசு, விளக்கு மங்கல். பக்கத்தால் போயும் காணாமல் திரும்பி வந்திருக்கிறார்களாம். என் தம்பியை அப்படித்தான் பறிகொடுத்தோம் என்றார். வெளிச்சத்தைக் கண்டால் எங்கள் ஆட்கள் சட்டையைக் கழற்றி வீசுவார்கள், உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று கேட்டார்.

“படுப்போம்” என்றேன்.

அவர் தன் கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்தது, ஆறுதலும் வந்தது, அந்த ஆறுதலோடு ஒரு பொறாமையும் வந்தது. வெளிச்சத்தைக் கண்டதும் எழும்பி நிற்கிற சனமும் உலகத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீவு நாடு என்றதும் நானே முடிவுகட்டிய கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ காலம். “விசரி, உலகத்தில உன்ர தீவு மட்டும்தானோ?” என்றார். சிரிப்பு அடங்கியதும் கலண்டர் பக்கம் திரும்பினார்.

“அப்ப எங்கட நேவிக்கு ஆர் லைற் செய்யிறது?”

“எனக்கென்ன தெரியும், அண்ணை.”

“எங்கயோ ஒரு பிள்ளை இருந்து கட்டுது, என்ன.”

அதோடு என் ஆறுதல் போயிற்று. யாரோ ஒருத்தி, எங்கோ ஒரு மேசையில், என்னைப் போலவே இழுத்துப் பார்த்து உடும்புப் பிடியாகக் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் கையாவது கொஞ்சம் சோம்பேறிக் கையாக இருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

அமாவாசை போயிற்று. அடுத்த நாளும் போயிற்று. அண்ணை வேலைக்குப் போகவில்லை. ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார். ரிசீவரைத் தூக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார், உடனே வைப்பார், அந்த இடைவெளியில் அழைப்பு வந்து போயிருக்குமோ என்று தவிப்பார். நான் தேத்தண்ணி போட்டு வைப்பேன், அது ஆறும், ஊற்றிவிட்டு மறுபடி போடுவேன். சனிக்கிழமை காலை மணி அடித்தது. அண்ணை எடுக்க, நான் ரிசீவரின் மறுபக்கத்தில் காதை ஒட்டினேன்.

“வந்து சேந்திட்டம்” என்றா மச்சாள்.

அண்ணை சுவரில் சாய்ந்தபடியே வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். நானும் அவரோடு இறங்கினேன்.

“லைற் அடிச்சதோ?” என்று கேட்டார். முதல் கேள்வி அதுதான்.

“அடிச்சது. எல்லாரும் படுத்திட்டம். உங்கட மகள் எழும்பி நிண்டிட்டாள்.”

“என்ன?”

“எழும்பி நிண்டு கை காட்டினவள், ரண்டு கையாலயும். நான் காலில பிடிச்சு இழுத்து விழுத்தினனான். நாடியில காயம்.”

“பிறகு?”

“பிறகென்ன, லைற் எங்களுக்கு மேலால போயிட்டுது. கண்டவங்களோ காணேல்லையோ, ஆருக்குத் தெரியும். அண்டையில இருந்து என்னோட கோவம். உங்களோட அதைவிடக் கோவம். இந்தாங்கோ, நீங்களே கதையுங்கோ.”

யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் இல்லாத காலம். அண்ணை தன் பிள்ளையின் குரலை அதுவரைக்கும் கேட்டதில்லை. முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது.

“அப்பா.”

“ஓம் குஞ்சு.”

“நான் கை காட்டினனான்.”

“ஓம் குஞ்சு. அம்மா சொன்னவா.”

“நீங்கள் லைற்றோட வந்தனீங்கள். நான் கை காட்டினனான். நீங்கள் என்னைப் பாக்காமப் போயிட்டீங்கள்.”

அண்ணை ரிசீவரை இறுக்கிப் பிடித்தார். அது அப்பா இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் அது யார் என்று சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். குரலை எப்படியோ நேராக்கிக்கொண்டார்.

“லைற் காணாது குஞ்சு.”

அவள் எங்கள் பிள்ளை. எங்களைப் போலவேதான் விளங்கிக்கொண்டாள்.

“அப்ப பெரிசு ஒண்டு வாங்குங்கோ.”

“மாமி செய்யிறா” என்றார் அண்ணை. “நல்ல பெரிசு.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார். நான் ஹலோ என்றேன். பேச்சுச் சரியாக வராத வயதில் நான் விட்டுவிட்டு வந்த என் மருமகள், கொழும்பிலிருந்து, மாமிக்கு முதல் முதலாக ஓர் அவசரக் கட்டளை போட்டாள்.

“மாமி, கெதியாச் செய்யுங்கோ.”

செய்கிறேன் என்று சொன்னேன்.